ரீலோடிங் பிரஸ் செய்யும் சில்லறை வேலைகளை ஒரு டன் ஆர்பர் பிரஸ்ஸில் எடுப்பது எப்படி?

மன்னார்குடியில் மோட்டாரும் விவசாயக் கருவிகளும் பழுது பார்க்கும் ஒருவருடைய கேள்வி, சுருக்கமாக: "வெளிநாட்டில் துப்பாக்கித் தோட்டா ரீலோட் செய்யும் (சுட்ட உறையில் மறுபடி நிரப்பும்) கைப் பிரஸ்ஸை மாற்றி, புஷ் (ஓட்டைக்குள் இறுக்கி ஏற்றும் உலோகக் குழல்) ஏற்றவும் செயின் பின் தள்ளவும் ஐலெட் (துணியில் கயிறு கோக்கும் வளையம்) அடிக்கவும் பயன்படுத்துகிறார்கள். சின்னதாக, மேசை ஓரத்தில் பூட்டும்படி இருக்கிறது. அதில் ஒன்று வரவழைக்கலாமா? முடியாது என்றால் நம்மூரில் கிடைக்கும் பிரஸ்ஸில் அந்த வேலைகளை எப்படி எடுப்பது?"

வரவழைக்காதீர்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 2ஆவது பிரிவின் வரையறைப்படி, தோட்டா தயாரிக்கும் இயந்திரமும் தோட்டாவோடு சேர்த்தே எண்ணப்படுகிறது. தயாரிப்புக்கு 5ஆவது பிரிவும் இறக்குமதிக்கு 10ஆவது பிரிவும் உரிமம் கேட்கின்றன. "நான் புஷ் ஏற்றத்தான் வாங்கினேன்" என்று சுங்கத்தில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய நிலை ஒரு பழுது பட்டறைக்குத் தேவையில்லை. ஆனால் அந்தப் பிரஸ்ஸின் அமைப்பில் காப்பியடிக்கத் தகுந்த மூன்று விஷயங்கள் உண்டு. மூன்றையும் சாதாரண ஒரு டன் ஆர்பர் பிரஸ்ஸில், அதாவது கைப்பிடியை இழுத்தால் ராம் என்ற தண்டு இறங்கி அழுத்தும் மேசைப் பிரஸ்ஸில், கொண்டுவந்துவிடலாம். கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ நல்ல கை உள்ள லேத் பட்டறை ஒன்று போதும்.

முதல் விஷயம், அச்சை (வேலைப் பொருளைத் தாங்கும் அல்லது வடிவம் தரும் டூலை) மரையில் ஏற்றுவது. ரீலோடிங் பிரஸ்ஸின் தலையில் 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 பல் என்ற மரை இருக்கும். எந்தக் கம்பெனி அச்சும் அதில் ஏறும். ஆர்.சி.பி.எஸ். ராக் சக்கர், லீ கிளாசிக் காஸ்ட் போன்ற மாடல்களில் அந்த மரைப் புஷ்ஷையே கழற்றினால் 1¼ அங்குலம், 12 பல் மரை கிடைக்கும், பெரிய வேலைக்கு. 14 பல் என்றால் ஒரு சுற்றுக்கு 1.81 மி.மீ. ஏற்றம், கால் சுற்றுக்கு 0.45. ஆழத்தைக் கையால் திருகியே வைத்துவிடலாம், ஷிம் (மெல்லிய தகடு) வெட்டி அடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது, ராம் முனையில் இருக்கும் டி வடிவக் காடி. தோட்டாவின் விளிம்பு அதற்குள் பக்கவாட்டில் நுழையும். அதனால் ராம் தள்ளவும் செய்யும், இழுக்கவும் செய்யும். நம் பிரஸ்களில் இல்லாத குணம் இதுதான். மூன்றாவது, நல்ல மாடல்களில் சட்டம் நாலு பக்கமும் மூடிய வளையமாக இருப்பது. நம் ஆர்பர் பிரஸ் முன்பக்கம் திறந்த 'சி' சட்டம். அழுத்தம் ஏறினால் வாய் திறந்து ராம் சாயும்.

அங்கே உள்ள இன்னொரு அம்சத்தை நான் காப்பியடிக்கச் சொல்லவில்லை. அது கைப்பிடியின் இணைப்புத் தண்டு. ராம் மேலே போகப் போக இணைப்புகள் நேர்கோட்டுக்கு வந்து, கடைசிச் சில மில்லிமீட்டரில் மட்டும் விசை பல மடங்கு கூடும். ஒரே புள்ளியில் முடிகிற வேலைக்கு அது அருமையானது. புஷ் ஏற்றுவது அப்படி இல்லை. 20 மி.மீ. நீளப் புஷ் உள்ளே போகப் போக உரசும் பரப்பும் கூடி, பாதி வழியிலிருந்தே விசை வேண்டும். ஆர்பர் பிரஸ்ஸில் ரேக்கும் (ராமில் வெட்டிய பல் வரிசை) பினியனும் (அதை ஓட்டும் சிறு பல்சக்கரம்) இருப்பதால் ஓட்டம் முழுக்க விசை ஒரே சீர். உங்கள் வேலையில் பெரும்பகுதிக்கு இதுவே பொருத்தம்.

எவ்வளவு விசை வேண்டும் என்று தெரியாமல் பிரஸ் வாங்கக் கூடாது. ஒரு கணக்கு: வெளி விட்டம் 20, உள் விட்டம் 14, நீளம் 20 மி.மீ. உள்ள வெண்கலப் புஷ். அது ஏறும் எஃகு ஹவுசிங்கின் (கூட்டின்) வெளி விட்டம் 40 மி.மீ. இறுக்கம், அதாவது ஓட்டையைவிடப் புஷ் பெரிதாக இருக்கும் அளவு, 0.03 மி.மீ. எண்ணெய் தடவி ஏற்றினால் கடைசியில் ஏறக்குறைய 600 முதல் 650 கிலோ விசை கேட்கும். இறுக்கம் 0.06 ஆனால் விசையும் இரண்டு மடங்கு. 0.03 இறுக்கத்துக்கே அரை டன் பிரஸ் தாங்காது, ஒரு டன் போதும்; 0.06க்கு ஒரு டன்னும் போதாது. கைப்பிடி 350 மி.மீ., பினியனின் பல் ஆரம் 14 மி.மீ. என்றால் பெருக்கம் 25. 25 கிலோ இழுத்தால் சுமார் 600 கிலோ வரும். போதவில்லை என்று கைப்பிடியில் பைப் மாட்டுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். பினியன் பல் உடைந்தால் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். வார்ப்பிரும்புச் சட்டம் வளைந்து எச்சரிக்காது. ஒரே நொடியில் பிளக்கும். பைப் கேட்கிற வேலை பெரிய பிரஸ்ஸுக்குப் போக வேண்டிய வேலை.

இனி மாற்றங்கள். வேலை தொடங்கும் முன் ராமின் ஆட்டத்தைப் பாருங்கள். புதுப் பிரஸ்ஸிலேயே ராமைப் பிடித்து ஆட்டினால் முனை அரை மில்லிமீட்டர் போகும். முன்னால் இருக்கும் தகட்டைக் கழற்றி, ராம் உரசும் முகங்களை மட்டத் தகட்டில் நீல மை தடவித் தேய்த்துச் சமன் செய்து, திரும்பப் பூட்டும்போது ராம் தன் எடையில் மெதுவாக இறங்கும் அளவுக்கு இறுக்குங்கள். மேலும் கீழும் ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். ஓரிடத்தில் பிடித்து ஓரிடத்தில் விட்டால் ராம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதை ஷிம் வைத்து மறைக்க முடியாது, கிரைண்டிங் செய்ய வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஆட்டமுள்ள ராமுக்கு எவ்வளவு நல்ல அச்சு செய்தாலும் வீண்.

ராமைக் கழற்றி லேத்தில் நாலு தாடைச் சக்கில் பிடித்து, அடி முகத்தை மட்டம் வெட்டி, நடுவில் 10 மி.மீ. ஓட்டை 25 மி.மீ. ஆழத்துக்குப் போட்டு ரீமர் ஓட்டுங்கள். ஒரு டன் பிரஸ்ஸில் ராம் பெரும்பாலும் 25 மி.மீ. சதுரம் இருக்கும். ஒரு பக்கம் ரேக் பல் வெட்டியிருப்பதால் அந்தப் பக்கச் சுவர் மெலிந்துவிடும். அதனால்தான் 10க்கு மேல் போக வேண்டாம் என்கிறேன். இனி எல்லா மேல் டூல்களுக்கும் 10 மி.மீ. தண்டும் 24 மி.மீ. தோளும் வையுங்கள். தோள் ராமின் அடி முகத்தில் முழுதாக உட்கார வேண்டும். தண்டின் நுனி ஓட்டையின் அடியைத் தொடக் கூடாது, 1 மி.மீ. இடைவெளி விடுங்கள். விசை தோள் வழியாகப் போனால் டூல் நேராக நிற்கும். நுனி வழியாகப் போனால் சாயும், தண்டு நசுங்கி ஓட்டைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிடித்து நிறுத்த, பல் இல்லாத பக்கத்தில் எம் 5 கிரப் ஸ்குரூ போதும். இழுக்கும் டூலுக்கு மட்டும் குறுக்கே 4 மி.மீ. டவல் பின் போடுங்கள். கிரப் ஸ்குரூ இழுவைக்கு நிற்காது.

கீழ்ப் பக்கம். பிரஸ்ஸோடு வரும் நாலு காடி உள்ள வட்டத் தகட்டை எடுத்துவிட்டு, 25 மி.மீ. கனமுள்ள எம்.எஸ். (மென் எஃகு) பிளேட்டைப் பூட்டுங்கள். அதன் நடுவில் எம் 36 × 1.5 மரை. இதில்தான் ரீலோடிங் பிரஸ்ஸின் முதல் குணம் வருகிறது: ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மரை அச்சு, மேலே 60 மி.மீ. விளிம்பு, அடியில் இறுக்க ஒரு பூட்டு வளையம். விளிம்பின் ஓரத்தில் 15 சமக் கோடு போட்டால் ஒரு கோடு திருப்பியதற்கு 0.1 மி.மீ. ஏற்றம். மரையை லேத்தில் வெட்டச் சொல்லுங்கள். கை டேப் ஓட்டினால் இந்த அளவு மரை நேராக வருவது கடினம்.

மரையின் மையமும் ராமின் மையமும் ஒன்றாக வருவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அளந்து குறிக்காதீர்கள். பிளேட்டைச் சட்டத்தில் நாலு எம் 10 போல்ட்டால் பூட்டி, இரண்டு டவல் பின்னும் போட்டுவிடுங்கள். ராம் ஓட்டையில் கூர் முனையுள்ள தண்டைச் செருகி, ராமை இறக்கி, பிளேட்டில் குத்துப் புள்ளி எடுங்கள். பிறகு பிளேட்டைக் கழற்றி, அந்தப் புள்ளியை லேத்தில் டயல் கேஜ் வைத்து மையப்படுத்திப் போர் செய்து மரை வெட்டுங்கள். திரும்பப் பூட்டும்போது டவல் பின்கள் அதே இடத்துக்குக் கொண்டுவரும். மிச்சமிருக்கும் சிறு விலகலுக்கு ஒரு வழி உண்டு, ரீலோடிங் செய்பவர்கள் வழக்கமாகச் செய்வது: பூட்டு வளையத்தைத் தளர்வாக விட்டு, ஒரு வேலைப் பொருளை வைத்து லேசாக அழுத்தி, அந்த அழுத்தத்திலேயே வளையத்தை இறுக்குவது. மரைக்குள் இருக்கும் சிறு ஆட்டத்தில் அச்சு தானாக நடுவுக்கு வந்து நிற்கும்.

டி காடி. 32 மி.மீ. இஎன் 8 (நடுத்தரக் கார்பன் எஃகு) ரவுண்டில் 10 மி.மீ. தண்டோடு கடைந்து, அடியில் பக்கத்திலிருந்து திறக்கும்படி காடி போடுங்கள்: கழுத்து 8.5 மி.மீ. அகலம், உள்ளே 13.5 மி.மீ. அகலம், 6 மி.மீ. உயரம், கீழே விட்ட உதடு 6 மி.மீ. கனம். இந்த அளவைச் சொல்லக் காரணம், சாதாரண எம் 8 போல்ட்டின் அறுகோணத் தலை 13 மி.மீ.; அது இந்தக் காடிக்குள் நேராக நுழையும். கடைத்தெருவில் கிடைக்கும் அறுகோணத் தலை எம் 8 போல்ட் எதுவும் உங்களுக்கு இழுவைக் கொக்கி. புஷ்ஷுக்குள் மரை போட்டோ, பின்னால் வாஷர் போட்டோ, போல்ட்டைக் கோத்து ராமை மேலே தூக்கினால் புஷ் கையோடு வரும். ஆனால் இழுக்கும்போது விசை தலைகீழாகிறது. வேலைப் பொருளைப் பிளேட்டோடு கிளாம்ப் போடாவிட்டால் அதுவும் சேர்ந்து எழும்பும். பிரஸ்ஸை மேசையில் போல்ட் போட்டுப் பூட்டாமல் இழுக்கவே கூடாது.

சட்டம் திறப்பதை டயல் கேஜில் பார்க்கலாம். கேஜின் காந்த அடியைப் பிளேட்டில் வைத்து, முள் தலையைத் தொடும்படி நிறுத்தி, ஒரு எஃகுக் கட்டையை முழு விசையில் அழுத்துங்கள். 0.2 மி.மீ.க்கு மேல் காட்டினால் இரண்டு இழுதண்டு போடுவது நல்லது. தலைக்கு மேல் ராம் போக ஓட்டை விட்ட அரை அங்குல பிளேட், அடிப்பாகத்துக்குக் கீழே இன்னொன்று, இரண்டையும் ராமின் இருபக்கமும் எம் 16 தண்டால் கோத்து, நடுவில் சரியான நீளத்துக்குப் பைப் செருகி, நட்டை இறுக்கிவிடுங்கள். 'சி' மூடிய சட்டமாகிவிடும். நீளமான பொருளை வைக்கும்போது இடைஞ்சல்தான், அப்போது கழற்றிக்கொள்ளலாம்.

இப்போது வேலைகளுக்கு வருவோம். எண்ணெய் ஊறிய சின்டர் (துகளை அழுத்திச் சுட்ட, நுண்துளைகள் உள்ள) வெண்கலப் புஷ்ஷை ஏற்ற, படி வைத்த மாண்ட்ரல் (புஷ்ஷின் உள் ஓட்டையில் நுழைந்து நிற்கும் தண்டு) கட்டாயம். வெளியிலிருந்து நெருக்கும்போது உள் ஓட்டை சுருங்கும். ஏறக்குறைய இறுக்கத்தின் அளவே சுருங்கும். பிறகு ரீமர் ஓட்டிச் சரிசெய்தால் துளைகள் அடைபட்டு எண்ணெய் கசியாது. புஷ் வறண்டு சீக்கிரம் போகும். அதனால் மாண்ட்ரலை, முடிவில் வேண்டிய அளவைவிட 0.005 முதல் 0.01 மி.மீ. கூடுதலாக, கடினப்படுத்திப் பளபளப்பாக்கி வையுங்கள். ஏறிய பிறகு புஷ் மாண்ட்ரலைக் கவ்விக்கொள்ளும். மாண்ட்ரல் தலையில் எம் 8 மரை போட்டு போல்ட்டை டி காடியில் மாட்டியிருந்தால், ராமைத் தூக்கியதும் உருவிக்கொண்டு வரும். சுத்தியல் வேண்டாம்.

20 மி.மீ. புஷ்ஷுக்கு ஹவுசிங் ஓட்டை எச்7 (எச்7, எஸ்6 என்பவை அளவு எவ்வளவு விலகலாம் என்பதற்கான குறியீடுகள்) என்றால் 20.000 முதல் 20.021. புஷ் எஸ்6 என்றால் 20.035 முதல் 20.048. ஆக இறுக்கம் 0.014 முதல் 0.048 வரை எதுவாகவும் இருக்கலாம். இரண்டு ஹவுசிங் ஒரே புஷ்ஷுக்கு வெவ்வேறு விசை கேட்பதன் காரணம் இதுதான். மைக்ரோமீட்டரில் அளக்காமல் "டைட்டா இருக்கு" என்று இழுக்காதீர்கள். வாயில் 1 மி.மீ. நீளத்துக்கு 15 முதல் 20 டிகிரி சரிவு இருக்க வேண்டும். முதல் 2 மி.மீ. போனதும் விசையை விட்டுவிட்டு, பொருளைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி அழுத்துங்கள். லேசாகச் சாய்ந்திருந்தால் இந்த இடத்தில் நிமிர்ந்துவிடும். பாதி போன பிறகு நிமிர்த்த முயன்றால் ஹவுசிங்கின் ஒரு பக்கம் சுரண்டப்பட்டு, அடுத்த புஷ் லூஸ் ஆகும்.

அலுமினிய ஹவுசிங்கில் விசையை நம்புவதைவிடச் சூட்டை நம்பலாம். 20 மி.மீ. ஓட்டை 70 டிகிரி சூடு கூடினால் 0.03 மி.மீ. விரியும். நம் இறுக்கம் அவ்வளவுதான். ஹவுசிங்கை மட்டும் 100 டிகிரி வரை சூடாக்கி, புஷ்ஷைச் சூடாக்காமல் இறக்கினால் கை விசையிலேயே உட்காரும். உலர்ந்த அலுமினியத்தில் நேராக அழுத்தினால் உலோகம் பிடித்துக்கொண்டு உரிந்து வரும்.

பேரிங்கில் ஒரே விதி: எந்த வளையம் இறுகுகிறதோ அந்த வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். 6202 என்றால் 15 × 35 × 11. ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்துக்கு உள் விட்டம் 15.3, வெளி விட்டம் 20 உள்ள ஸ்லீவ். ஹவுசிங்கில் இறக்கும்போது வெளி வளையத்துக்கு வெளி விட்டம் 34.5, உள் விட்டம் 31. மாற்றி அழுத்தினால் விசை குண்டுகள் வழியாகப் போய், ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். ஃபேன் அன்றைக்கு நன்றாகச் சுற்றும். சில வாரத்தில் சத்தத்தோடு திரும்பி வரும். பழைய பேரிங்கைக் கழற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வளையம் கடின எஃகு, வெடித்தால் சில்லு பறக்கும். பிரஸ்ஸுக்கு முன் ஒரு பாலிகார்பனேட் தகடு தொங்கவிட்டால் நல்லது.

செயின் பின். குறுவை அறுவடைக்கு முன்னும் தை மாதத்திலும் அறுவடை இயந்திரச் செயின்கள் வந்து குவியும். 08பி செயினில் பிட்ச் 12.7, பின் விட்டம் 4.45 மி.மீ.; 10பியில் 15.875, 5.08. பின்னின் நுனி தட்டி விரிக்கப்பட்டிருக்கும். அதை முதலில் கிரைண்டரில் பிளேட்டின் மட்டத்துக்குத் தேய்த்துவிடுங்கள். தேய்க்காமல் தள்ளினால் விரிந்த நுனி பக்கத் தகட்டின் ஓட்டையைப் பெரிதாக்கும். திரும்பப் பூட்டிய செயின் வயலில் கழன்று விழும். தள்ளும் முனைக்கு 12.9 தர எம் 6 ஆலன் போல்ட்டை 4.2 மி.மீ.க்குக் கடைந்துகொள்ளலாம். மெல்லிய பகுதி 10 மி.மீ.க்கு மேல் நீளக் கூடாது, நீண்டால் வளையும். பின் அசைந்து வெளியேறத் தொடங்கினால் போதும். மிச்சத்தைக் கையில் பிடித்த பன்ச்சால் தள்ளலாம். கீழ் அச்சின் மேல் முகத்தில் செயின் படுத்து உட்கார ஒரு காடி, நடுவில் 5.5 மி.மீ. ஓட்டை. ரோலரின் மேல் தாங்காமல் பக்கத் தகடு தாங்கும்படி காடி இருக்க வேண்டும்.

நெல் காயவைக்கும் தார்ப்பாய்க்கு ஐலெட் அடிப்பதுதான் எளிதாகத் தெரிந்து அதிகம் கெடுகிற வேலை. பித்தளைக் குழல் நாலாகப் பிளந்து சுருண்டால், துணியின் ஓட்டை பெரிது, அல்லது குழல் நீளம் அதிகம், அல்லது மேல் கீழ் அச்சு மையம் விலகியிருக்கிறது. ஒரே பக்கம் மட்டும் பிளந்தால் நிச்சயம் மையம்தான். துணியும் வாஷரும் சேர்ந்த கனத்துக்கு மேல் குழல் 2 முதல் 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் போதும். அச்சை ஓ.எச்.என்.எஸ். எஃகில் செய்து, 800 டிகிரி வாக்கில் சூடாக்கி எண்ணெயில் தோய்த்து, 200 டிகிரியில் மறுபடி பதப்படுத்துங்கள். வளைவுப் பள்ளத்தில் லேத்தின் கோடு துளிகூடத் தெரியக் கூடாது. கோட்டில்தான் பித்தளை பிளக்கும். ஆர்பர் பிரஸ்ஸில் விசை கூடிக்கொண்டே போகாது என்பதால் கை எங்கே நிறுத்துவது என்று தெரியாது. கீழ் அச்சின் கோடுகள் இங்கே உதவும்: ராமை இனிமேல் இறங்காத இடத்தில் ஒரு தடுப்புக் காலரால் நிறுத்தி, கீழ் அச்சை ஒவ்வொரு கோடாக ஏற்றி, வாஷர் துணியை இறுகப் பிடித்து, நகத்தால் சுழற்ற முடியாத இடம் வந்ததும் பூட்டுங்கள். இன்னும் இரண்டு கோடு ஏற்றினால் துணி வட்டமாக அறுபடும். காற்றில் தார்ப்பாய் ஆடும்போது ஐலெட் மட்டும் கயிற்றோடு நிற்கும். நாள் முழுக்க இதே வேலை என்றால் காலால் மிதிக்கும் ஐலெட் பிரஸ் வாங்குவதே சரி.

வெள்ளி, பித்தளைத் தகட்டில் அச்சு வைத்து உருவம் எடுக்கும் வேலையை இதில் முயல வேண்டாம். தஞ்சாவூர்த் தட்டு போன்ற நுண்ணிய உருவத்துக்கு ஒரு நொடியில் விழும் அடி தேவை. அது ஃப்ளை பிரஸ்ஸின் (கனமான கையைச் சுழற்றி அடிக்கும் திருகுப் பிரஸ்ஸின்) வேலை. ஆர்பர் பிரஸ்ஸில் அழுத்தினால் தகடு பாதி உருவம் எடுத்து நிற்கும், சட்டம் மட்டும் வருந்தும்.

ஐப்பசி, கார்த்திகை மழையிலும் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றிலும் ராம் ஒரே இரவில் சிவந்துவிடும். துரு ஏறிய ராம் தகட்டுக்குள் அரத்தைப் போல வேலை செய்து, நீங்கள் எடுத்த மட்டத்தைக் கெடுக்கும். மாலையில் 68 நம்பர் ஆயிலைத் துணியில் தொட்டுத் துடைத்து, ராமைக் கீழே இறக்கி விட்டுவிட்டுப் போங்கள். ரேக் பல்லுக்கு மட்டும் கிரீஸ். ராம் முகத்துக்குக் கிரீஸ் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டியதில்லை. முதலில் ராமின் ஆட்டம், 10 மி.மீ. ஓட்டை, 25 மி.மீ. பிளேட். பிறகு உங்களிடம் அடிக்கடி வரும் இரண்டு பேரிங்குக்கு ஸ்லீவ். டி காடியும் இழுதண்டும் அதைக் கேட்கிற வேலை வரும்போது செய்துகொள்ளலாம்.